சிகிச்சையாளர் திடீரென விலகிவிட்டால்: எந்த வழி, யாருக்கு, எப்போது?

எனக்கு வந்த மின்னஞ்சலில் நான்கே வரிகள். சொந்தக் காரணங்களால் இந்த மாத இறுதியோடு மருத்துவப் பணியை நிறுத்துகிறேன், புதிய சந்திப்புகள் கிடையாது, கட்டணப் பாக்கி எதுவும் இல்லை, வாழ்த்துகள். மூன்று ஆண்டுகள் வாரம் தவறாமல் எதிரில் உட்கார்ந்து கேட்டவர், என் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயங்களைத் தெரிந்துவைத்திருந்தவர், சந்தா முடிந்துவிட்டது என்று வரும் குறுஞ்செய்தியைப் போல ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு அவருக்கு நீண்ட பதில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். மறுநாள் காலை, இனி யாரிடமும் போவதில்லை என்று தீர்மானித்தேன். அலமாரியில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் தீர்ந்துபோனது. பன்னிரண்டாம் நாள், தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் சுண்டியதுபோல ஒரு வெட்டு. படியிறங்கினால் தடுமாற்றம். காரணமே இல்லாமல் அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். மருந்து நின்றதன் விளைவு அது என்பது பிறகுதான் தெரிந்தது.

இதே இடத்தில் சிக்கிக்கொண்டு என்னிடம் கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அவரிடமே போய்க் காரணம் கேட்கவா, வேறொருவரைத் தேடவா, கொஞ்ச நாள் சும்மா இருக்கவா? பார்த்தால் ஒரு கேள்வி, பிரித்தால் இரண்டு. சிகிச்சையும் நின்றிருக்கிறது, ஓர் உறவும் நின்றிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. மருந்தின் கடிகாரம் நாள் கணக்கில் ஓடும். உறவின் கடிகாரம் மாதக் கணக்கில். நான் உட்படப் பலரும் கடிகாரத்தை மாற்றிப் பார்த்துவிடுகிறோம். உறவுக்காக இரவோடு இரவாக முடிவெடுக்கிறோம்; மருந்தை ஆறப்போடுகிறோம். கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இந்த ஒரு பிழையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

## ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாத இரண்டு நிலைமைகள்

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் எந்த அட்டவணையும் வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவு, நெருக்கடி உதவி எண், பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர்: எது முதலில் எட்டுகிறதோ அது. பழைய சிகிச்சையாளருடன் பாதுகாப்புத் திட்டம் ஒன்று எழுதியிருந்தால் அதை இன்றே எடுத்து ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்து 2012இல் வெளியிட்ட அந்தத் திட்டத்தில் ஆறு படிகள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, கவனத்தைத் திருப்பும் இடங்களும் மனிதர்களும், உதவி கேட்கக்கூடிய உறவினரும் நண்பரும், தொழில்முறை உதவியாளர்கள், ஆபத்தான பொருட்களைக் கைக்கு எட்டாமல் வைப்பது. பலருடைய தாளில் ஐந்தாவது படியில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அதுவும் விலகிப்போனவரின் பெயராக இருக்கும். நெருக்கடியான இரவில் அந்த எண்ணை அழைத்துவிட்டு, எடுக்க ஆளில்லாமல் நிற்பது கொடுமை. இன்றே மாற்றுங்கள்.

இரண்டாவது, சட்டென்று நிறுத்தினால் ஆபத்தான மருந்துகள். அல்பிரசோலம், குளோனசெபம், டயாசெபம் போன்ற பென்சோடையாசெபைன் வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். இருதுருவ மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்தைத் திடீரென நிறுத்தியவர்களுக்குப் பித்துநிலை (கட்டுக்கடங்காத உற்சாகமும் பரபரப்பும்) திரும்பும் வாய்ப்பு, மெல்லக் குறைத்தவர்களைவிட அதிகம். மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் தவறிவிட்டால் பழைய டோஸிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டுவர வேண்டும். வலிப்புக்கும் இருதுருவக் கோளாறுக்கும் தரும் லாமோட்ரிஜினும் அப்படித்தான்: சில நாட்கள் விட்டுப்போனால் முழு அளவில் திரும்பத் தொடங்குவது கடுமையான தோல் ஒவ்வாமைக்கு வழிவகுக்கலாம். இவற்றில் ஏதேனும் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், கீழே நான்காவதாகச் சொல்லியிருப்பதுதான் உங்களுக்கு முதல் வழி. மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மாத்திரைக் கணக்கு. கையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது? பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றுவந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது, சிகிச்சை எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பது. மாதம் ஒருமுறை போய் நலம் சொல்லிவிட்டு வந்த நிலையில் நின்றதும், சிறுவயதுக் காயம் ஒன்றை முதன்முதலாகத் திறந்த வாரத்தில் நின்றதும் ஒன்றல்ல. இரண்டாவது நிலை, அறுவை அரங்கில் தையல் போடும் முன் விளக்கு அணைந்த மாதிரி. அவர்களுக்கு இடைவெளி ஏற்றதல்ல.

மூன்றாவது, ஏன் நின்றது? நோய், மரணம், பணி ஓய்வு, இடமாற்றம், பயிற்சிக் காலம் முடிவது, நிறுவனம் மூடப்படுவது, காப்பீடு நிற்பது, தன் திறமைக்கு அப்பாற்பட்ட சிக்கல் என்று அவர் உணர்வது, தவறிய சந்திப்புகள், கட்டணப் பாக்கி, மிரட்டல். இவற்றில் முக்கால்வாசி உங்களைப் பற்றியவையே அல்ல. ஆனால் காரணம் சொல்லப்படாதபோது மனம் அந்த வெற்றிடத்தில் எழுதும் முதல் வாக்கியம் "நான் தாங்க முடியாத ஆள்" என்பதுதான். தொழில் நெறிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறித்தொகுப்பில் 10.10 என்ற பிரிவு, சிகிச்சையை எப்போது முடிக்கலாம் என்று சொல்கிறது: இனித் தேவையில்லை, பலன் தராது, தொடர்ந்தால் தீங்கு என்ற நிலைகளில் முடிக்கலாம், மிரட்டப்பட்டாலும் முடிக்கலாம். முடிக்கும் முன் அதைப் பற்றிப் பேசி, பொருத்தமான வேறு சிகிச்சையாளர்களைக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, விலகுவது குற்றம் இல்லை. கைகாட்டாமல் விலகுவதுதான் குறை.

நான்காவது, முதலிலிருந்து கதை சொல்லும் தெம்பு. ஐந்தாவது, பணமும் காத்திருப்பும். கடைசி இரண்டையும் குறைத்து மதிப்பிடுகிறவர்கள்தான் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்.

| வழி | எவ்வளவு விரைவில் | மருந்துக்கு உதவுமா | உறவின் காயத்துக்கு உதவுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| அவரிடமே ஒரு முடிவுச் சந்திப்பு | அவர் சம்மதித்தால் சில நாட்களில் | ஓரளவு: இடைக்கால மருந்துச் சீட்டு, சுருக்க அறிக்கை | மற்ற எதையும்விட அதிகம் | மனம் மாறுவார் என்ற நம்பிக்கை |
| அவர் பரிந்துரைப்பவர் | வாரங்கள் | ஆம், அவர் மனநல மருத்துவர் என்றால் | கொஞ்சம் | பழையவரின் பார்வை கூடவே வரும் |
| தானே தேடும் புதியவர் | வாரங்கள் முதல் மாதங்கள் | ஆம், அதே நிபந்தனையோடு | மெல்ல, ஆனால் ஆழமாக | தேடும் களைப்பு, முதல் சில அமர்வுகளின் கட்டணம் |
| பொது மருத்துவர் | ஓரிரு நாட்கள் | ஆம், சில மருந்துகளுக்கு மட்டும் | இல்லை | பாலமே வீடாகிவிடுவது |
| குழு, தன்னுதவி | உடனே | இல்லை | தனிமைக்கு உதவும் | அடுத்தவர் சுமையும் தோளில் ஏறும் |
| திட்டமிட்ட இடைவெளி | உடனே | இல்லை | சிலருக்கு | இடைவெளி எப்போது கைவிடலாக மாறியது என்று தெரியாமல் போவது |

## வழி 1: அவரிடமே ஒருமுறை திரும்பிப் போவது

மானம் தடுக்கும் வழி இது. "வேண்டாம் என்று சொன்னவரிடம் போய் நிற்பதா?" நியாயமான உணர்வுதான். ஆனால் கேட்கப்போவது மூன்றே மூன்று என்றால் இது கெஞ்சல் ஆகாது: சொல்லக்கூடிய அளவுக்குக் காரணம், ஒரு சுருக்க அறிக்கை, வேறு இருவரின் பெயர்.

இந்த மூன்றில் சுருக்க அறிக்கைதான் பொன். நோய் நிர்ணயம், இதுவரை முயன்ற மருந்துகள், அவற்றின் டோஸ், எது ஒத்துக்கொள்ளவில்லை, கடைசி ரத்தப் பரிசோதனை, எந்த முறையில் பேச்சு சிகிச்சை நடந்தது, எங்கே நின்றது. ஒரு பக்கம் போதும். பல நாடுகளில் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்குச் சட்டப்படியே உண்டு. சிகிச்சையாளர் தனக்காக எழுதிவைக்கும் அந்தரங்கக் குறிப்புகளுக்கு மட்டும் சில இடங்களில் விலக்கு இருக்கிறது. அவர் நேரில் பார்க்க மறுத்தாலும் இதை எழுத்தில் கேளுங்கள். சிகிச்சையகம் மூடப்பட்டபின் அந்தக் கோப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. அதன் விலையை அடுத்த மருத்துவரிடம் என் மூன்று ஆண்டு மருந்து வரலாற்றை நினைவிலிருந்து சொல்லித் தீர்த்தேன். பாதி தவறு.

மறைந்திருக்கும் செலவு, நம்பிக்கை. ஒரு சந்திப்பு என்று போய், உள்ளுக்குள் அவர் மனம் மாறுவார் என்று காத்திருப்போம். மாற மாட்டார். "ஏன்" என்ற கேள்விக்கும் பெரும்பாலும் பாதிப் பதில்தான் கிடைக்கும், அதுவும் வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த தோரணையில். அந்தப் பாதியோடு எழுந்து வரத் தயார் என்றால் போகலாம்.

போகவே கூடாத நிலை ஒன்று உண்டு. அவர் எல்லை மீறியிருந்தால், உடலளவில் என்றாலும் பணத்தளவில் என்றாலும், முடிவுச் சந்திப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிவுகளை வேறொருவர் மூலம் கேட்டு வாங்குங்கள்.

அவர் பதிலே போடவில்லை என்றால்? இறந்துவிட்டார் என்றால்? அனுப்பாத கடிதம் ஒன்று எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தை வாட்டிய அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு சோர்வு கூடியது. அடுத்த சில மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போவது குறைந்தது. நான்கு நாட்கள் என்பதைக் கவனியுங்கள். என்னைப் போல ஒரே இரவில் எழுதி அழிப்பது அந்தக் கணக்கில் வராது.

## வழி 2: அவர் கைகாட்டுபவரிடம் போவது

இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பெயர் கொடுப்பது வேறு, ஒப்படைப்பது வேறு. அவர் புதியவரிடம் பேசி, அறிக்கை அனுப்பி, முதல் சந்திப்பு நாளையும் உறுதி செய்திருந்தால், மற்ற எல்லா வழிகளையும்விட இதுவே மேல், யோசிக்காமல் போகலாம். கையில் மூன்று பெயர் உள்ள தாள் மட்டும் இருந்தால், அந்த மூவரும் புதிய நோயாளிகளை எடுக்கிறார்களா என்பதே தெரியாது. அதே வாரத்தில் அழைத்துப் பாருங்கள். மூவரும் கைவிரித்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை, வழி 3தான்.

சிலருக்கு இந்த வழியில் ஒரு நெருடல் இருக்கும். புதியவர் பழையவரின் நண்பராக இருப்பார். பழையவர் மேலுள்ள கோபத்தை அவர் முன் கொட்டத் தயங்குவோம். கோபத்தைச் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் பேசுவது வீண். உங்களைக் காரணம் காட்டி அவர் விலகியிருந்தால், அந்தத் தீர்ப்பும் அறிக்கையோடு சேர்ந்து புதியவர் மேசைக்குப் போயிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## வழி 3: தானே தேடிப் புதியவரைப் பிடிப்பது

நீண்ட வழி. பணமும் கேட்கும், பொறுமையும் கேட்கும். ஆனால் சிகிச்சை பாதியில் அறுந்த பலருக்கு முடிவில் நிலைத்து நிற்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் பேசிவிட வேண்டும்: "அவரைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார்." எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: இருவரும் ஒப்புக்கொண்ட இலக்கு, அதற்காகச் செய்யும் வேலை, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. இந்த உறவு நன்றாக இருந்தால் சிகிச்சையும் பலனளிக்கிறது என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டது. 2018இல் 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது உறவுக்கும் பலனுக்கும் இடையே கிடைத்த ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.28 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). இந்த எண்ணை இரு பக்கமும் படிக்கலாம். உறவுக்கு எடை உண்டு. உறவு மட்டுமே எல்லாம் என்று சொல்லும் எண்ணும் இது அல்ல. மூன்றில் இரண்டு, அதாவது இலக்கும் வேலையும், உங்களோடேயே இருக்கின்றன. அவற்றை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு காசு மட்டும் அல்ல. கைவிடப்பட்டவர்கள் புதியவரிடம் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர் நல்ல பிள்ளையாகிவிடுகிறார்கள்: நேரத்துக்கு வந்து, எதிலும் முரண்படாமல், முன்னேறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், இவரும் போய்விடக்கூடாதே என்று. வேறு சிலர் நான்காவது வாரத்தில் ஒரு சின்ன மனத்தாங்கலைப் பிடித்துக்கொண்டு, அவர் விடும் முன் தாம் விட்டுவிடுகிறார்கள். நான் இரண்டாவது ரகம். ஒருவரிடம் மூன்று அமர்வு, இன்னொருவரிடம் இரண்டு. மூன்றாமவரிடம்தான் முதல் நாளே சொன்னேன்: "எனக்கு நடந்தது இது; கொஞ்ச நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி நான் ஓடப் பார்ப்பேன்." அவர் குறித்துக்கொண்டார். ஐந்தாவது வாரம் சந்திப்பை ரத்துசெய்ய அழைத்தபோது, "இது நீங்கள் சொன்ன அந்த நாளா?" என்று கேட்டார்.

தேடும்போது யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "உங்களுக்கு உடல்நலம் சரியில்லாமல் போனால், நீங்கள் விலக நேர்ந்தால், என் விஷயத்தில் என்ன ஏற்பாடு?" பொறுப்பான சிகிச்சையாளர்கள் இதற்கென்று ஒரு தொழில்முறை உயில் எழுதிவைக்கிறார்கள், தனக்கு ஏதாவது ஆனால் நோயாளிகளைத் தொடர்புகொண்டு தகவல் சொல்லும் சக சிகிச்சையாளரின் பெயர் அதில் இருக்கும். இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். யோசித்துவிட்டு, "எழுதவில்லை, எழுதுகிறேன்" என்பவரைத் தேர்ந்தெடுப்பேன்.

மூன்று அமர்வுகள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் அமர்வு எல்லோருக்கும் மோசமாகத்தான் இருக்கும். நீங்கள் ஒப்பிடுவது ஒரு மணி நேரத்தையும் மூன்று ஆண்டுகளையும்.

## வழி 4: பொது மருத்துவரைப் பாலமாக வைத்துக்கொள்வது

கவர்ச்சியில்லாத வழி. ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர் எவருக்கும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இதுவே. காலி அட்டையையும் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் காய்ச்சலுக்குப் போகும் மருத்துவரிடம் போய், "எனக்கு மனநல மருத்துவர் கிடைக்கும்வரை இதைத் தொடர்ந்து எழுதித் தர முடியுமா?" என்று கேட்பது. வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். குளோசபின், கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஊக்கிகள், பென்சோடையாசெபைன் என்றால் தயங்குவார்கள். மறுத்தாலும், குறைந்தபட்சம் அவசரப் பரிந்துரைக் கடிதம் ஒன்று கேட்டு வாங்குங்கள். லித்தியம் எடுப்பவர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனையையும் நினைவூட்ட வேண்டும்; உடலில் நீர் வற்றினாலும், சிலவகை வலி மாத்திரைகள் சேர்ந்தாலும் அந்த அளவு ஏறிவிடும்.

எல்லா மாத்திரையும் ஒரே வேகத்தில் உடலைவிட்டுப் போவதில்லை. மனச்சோர்வு மாத்திரைகளில் வென்லாஃபாக்ஸின், பாராக்ஸெட்டின் இரண்டும் சீக்கிரம் இறங்குபவை. ஓரிரு நாள் தவறினாலே தலைச்சுற்றல், குமட்டல், தூக்கமின்மை, மண்டைக்குள் மின்சாரம் சுண்டும் அந்த உணர்வு எல்லாம் தொடங்கலாம். ஃப்ளூஆக்ஸெட்டின் வாரக்கணக்கில் உடலில் தங்கும். அதை எடுத்தவருக்குச் சற்று அவகாசம் கிடைக்கும். மிச்சமிருக்கும் மாத்திரையை இழுத்துப்பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது என்ற சிக்கனம், சீக்கிரம் இறங்கும் மருந்துகளில் மருந்து நின்றால் உடல் காட்டும் விலகல் அறிகுறிகளைத் தினம் தினம் சிறு அளவில் வரவழைப்பதற்குச் சமம். பக்கத்து வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்குவது அதைவிட மோசம்.

விலகல் அறிகுறியையும் நோய் திரும்புவதையும் எப்படிப் பிரித்தறிவது? நிறுத்திய சில நாட்களிலேயே, முன்பு நோயில் இல்லாத உடல் தொந்தரவுகளோடு வந்தால் விலகலின் சாயல். வாரங்கள் கழித்து, பழக்கமான அதே இருட்டு மெல்லச் சூழ்ந்தால் நோயின் சாயல். இது முக்கியமாவதற்குக் காரணம், இந்தக் குழப்பத்தின் நடுவில் புதிய மருத்துவர் ஒருவரைப் பார்த்தால், நிறுத்தியதால் வந்த பதற்றத்தையும் அழுகையையும் புதிய நோயாகக் கருதிப் புதிய பெயரும் புதிய மாத்திரையும் தரக்கூடும். எந்தத் தேதியில் கடைசி மாத்திரை என்பதை வாயைத் திறந்தவுடன் சொல்லுங்கள்.

இந்த வழியின் ஆபத்து, இது வேலை செய்துவிடுவதுதான். மாத்திரை வருகிறது, நாள் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கென்று போட்ட பாலத்தில் இரண்டு ஆண்டுகள் குடியிருப்பவர்களை எனக்குத் தெரியும். போடும்போதே முடிவுத் தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.

## வழி 5: குழு, தோழமை, தன்னுதவி

இந்த இழப்புக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. "வேறு டாக்டரைப் பார்த்தால் போச்சு" என்பார்கள், அன்போடுதான். சமூகம் ஒப்புக்கொள்ளாத இழப்புகளுக்கான துக்கத்துக்குக் கென்னத் டோக்கா 1989இல் ஒரு பெயரே வைத்தார்: உரிமை மறுக்கப்பட்ட துக்கம். சகமனிதர்களின் ஆதரவுக் குழுவில் இந்தத் துக்கத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. அதுதான் அதன் பலம். செலவு குறைவு, காத்திருப்பும் அநேகமாகக் கிடையாது. பிறர் கதையைக் கேட்டுவிட்டு இரவில் தூங்க முடியாதவருக்கும், காயம் திறந்த நிலையில் சிகிச்சை அறுந்தவருக்கும் இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

தன்னுதவிப் புத்தகங்களும் செயலிகளும் வேறு கணக்கு. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அவை உதவும், ஆனால் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் "எங்கே வரை வந்தீர்கள்?" என்று கேட்கும் ஏற்பாடு இருந்தால்தான் பலன் கூடுகிறது.

உரையாடும் கணினிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1966இல் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதைத் தவிர அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அது எப்படி உருவானது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவந்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். கேட்பார் இல்லாத நேரத்தில் மனிதருக்கு எதிரொலிகூட ஆறுதல். இன்றைய கருவிகள் எலிசாவைவிட எவ்வளவோ திறமையானவை; நள்ளிரவில் ஒரு பக்கம் கொட்டித் தீர்க்க உதவலாம். உங்கள் டோஸை முடிவுசெய்ய அவற்றைக் கேட்காதீர்கள்.

## வழி 6: கொஞ்ச காலம் விட்டுவைப்பது

இதைச் சொல்லத் தயங்குகிறேன். தவறாகப் பயன்படுத்த எளிதான வழி. ஆனாலும் நேர்மையாகச் சொன்னால் சிலருக்கு இது சரியான வழியே. மருந்து இல்லை அல்லது மருந்துக்கு வேறு ஏற்பாடு ஆகிவிட்டது. நிலைமை பல மாதங்களாகச் சீராக இருக்கிறது. முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சிகிச்சை சற்று முன்னதாகவே நின்றுவிட்டது. இவர்கள் அவசரமாக இன்னொரு அறையில் போய் உட்கார வேண்டிய தேவை இல்லை. புதிதாகக் கற்றதை ஊன்றுகோல் இல்லாமல் நடந்து பார்க்க இது ஒரு வாய்ப்பும் கூட.

நிபந்தனை இரண்டு. நாள்காட்டியில் ஒரு தேதி குறிக்க வேண்டும்: எட்டு வாரம், பத்து வாரம், ஏதோ ஒன்று. அன்றைக்குத் தூக்கம், வேலை, மனிதர்களோடு பழக்கம் மூன்றையும் இன்றைய நிலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது, ஒரு மனிதரிடமாவது சொல்லிவைக்க வேண்டும். ஜெரோம் மோட்டோவும் ஆலன் போஸ்ட்ரமும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. மருத்துவமனையிலிருந்து வெளியேறியபின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்றோ நடுவில் நிறுத்தியோ இருந்த 843 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் அவ்வப்போது சில வரிக் கடிதங்கள் அனுப்பினார்கள். அறிவுரை இல்லை, கோரிக்கை இல்லை. நலமா என்ற விசாரிப்புதான். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. சிகிச்சையை நிறுத்திவைக்கலாம், விசாரிப்பவர் ஒருவர் இருக்கட்டும்.

"எனக்கு இனி யாரும் வேண்டாம்" என்று கோபத்தில் எடுத்த முடிவுக்கு இடைவெளி என்று பெயர் சூட்டாதீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம், நாள்காட்டியில் அந்தத் தேதி இருக்கிறதா இல்லையா என்பதில் தெரிந்துவிடும்.

## புகார் கொடுப்பது பற்றி

இதை ஏழாவது வழியாக எண்ணவில்லை. எல்லை மீறல், பதிவுகளைத் தர மறுப்பது, ஆபத்தான நிலையில் மாற்று ஏற்பாடு இல்லாமல் கைவிட்டது: இவற்றுக்கு உரிமம் வழங்கும் குழுவிடமோ, அவர் வேலை செய்த நிறுவனத்திடமோ புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் புகார் மனத்துக்கு மருந்தாகாது. மாதங்கள் இழுக்கும், உங்கள் அந்தரங்கப் பதிவுகள் முன்பின் தெரியாதவர்கள் முன் திறக்கப்படலாம். பதிவுகள் கைக்கு வந்து, புதிய சிகிச்சையாளரும் அமைந்தபின் அவரோடு பேசித் தொடங்குவது நல்லது. காலக்கெடு உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கடிதம், மின்னஞ்சல், கடைசிச் சந்திப்பின் தேதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

நான் புகார் செய்யவில்லை. ஓராண்டு கழித்து அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன்: அந்த நான்கு வரிகளை எழுதிய வாரத்தில் அவர் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாராம். கேட்டதும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. ஐந்தாவது வரியாக ஒரு பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதியிருக்கலாம்.